ஆத்தாளுக்குக் காய்ச்சிய பால்

வெள்ளிக்காட்டுப்புதூர் பால் சொசைட்டியின் வரிசையில் வளைக்கரடிகள் வந்து நின்ற அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில், கடைசியாக இருந்தது மயிலாத்தாளுடைய பித்தளைச் சொம்பு. அந்தச் சொம்புக்குப் பின்னால் யாரோ ஒரு டம்ளரை ணங்கென்று வைக்கிற சத்தம் கேட்டு, வந்தது எந்த வீட்டுக்காரி என்று பார்க்கத்தான் அவள் திரும்பினாள். வந்தது வீட்டுக்காரி இல்லை. கன்றுக்குட்டி மூஞ்சிக்கும் நாய் மூஞ்சிக்கும் நடுவில் ஒரு மூஞ்சி, கரி பூசினது போல வயிறும் காலும், தலையிலிருந்து வால் வரைக்கும் முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்தினது போல மயிர், மண் அப்பின நீள நகம். கரடி என்று பேர்தான் பெரிசே தவிர, ஆள் முழங்காலுக்கு மேல் உயரம் இல்லாத அந்தப் பிராணி, வாயில் கவ்விக் கொண்டுவந்த டம்ளரை வைத்துவிட்டு, வரிசையில் நிற்கிற எவரும் நிற்பது போலவே கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்து இருமியது. அதற்குப் பின்னால் இன்னொன்று பித்தளைக் கிண்ணத்தோடு வந்தது. அதற்குப் பின்னால் தேங்காய்த் தொட்டியோடு ஒன்று, காது உடைந்த பீங்கான் கோப்பையோடு ஒன்று. வேலிப்படல் வரைக்கும் வரிசை நீண்டுவிட்டது.

பர்கூர் மலையடிவாரத்து அந்த ஊரில் பால் வரிசையில் ஆள் நிற்பது வழக்கமில்லை, பாத்திரம்தான் நிற்கும். சாணி அள்ளுகிற வேலை இருக்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்து வேனுக்கு எழுப்புகிற வேலை இருக்கும், டீக்கடையில் பேச்சிருக்கும். பாத்திரத்தை வைத்துவிட்டு அவரவர் போய்விடுவார்கள். வரிசை நகர நகர, அடுத்திருக்கிறவர்கள் முன்னால் இருக்கிற பாத்திரத்தையும் சேர்த்துக் கையால் நகர்த்தி வைப்பார்கள். பால் பாத்திரம், காலால் தள்ளக்கூடாது. பாத்திரம் இருந்தால் இடம் இருக்கிறது, எவ்வளவு பெரிய வீட்டு ஆளாயிருந்தாலும் பாத்திரம் இல்லையென்றால் இடம் இல்லை. இந்தச் சட்டத்தைப் போட்டவர் சொசைட்டிச் செயலாளர் பொங்கியண்ணன். மச்சினன் வந்து நடுவில் நுழைந்தபோதுகூட விடாத மனுசன்.

அதனால் கரடிகளைப் பார்த்ததும் அவர் தடியைத் தூக்கிக்கொண்டு வந்தாரே தவிர, தரையில் பாத்திரம் இருப்பதைப் பார்த்ததும் தடி அப்படியே கையில் நின்றுவிட்டது.

"ஏனுங்க செயலாளரே, நிக்கறீங்க? அடிங்க பாக்கலாம்," என்றான் டீக்கடைக்குள்ளிருந்து நாச்சிமுத்து. "இல்ல, உங்க சட்டம் மனுசனுக்கு மட்டுமுன்னு நேத்து மாத்திட்டீங்களா?"

"நீ உன்ற டீயை ஆத்துடா," என்றார் பொங்கியண்ணன். தடியைக் கீழே போட்டார்.

அவருடைய கோபம் ஊருக்குத் தெரிந்த கோபம். போன மாசம் கால்நடை டாக்டரம்மா நஸ்ரீன் வந்து, ஊர் மாடுகளுக்கெல்லாம் கழுத்துத் தோலில் மருந்து ஏற்றி, மூன்றாம் நாள் திரும்பி வந்து தடவித் தடவிப் பார்த்ததில், பொங்கியண்ணன் வீட்டு இரண்டு கறவையின் கழுத்திலும் நெல்லிக்காய் அளவுக்குத் தடித்திருந்தது. மாட்டுக் காசநோய். இன்னும் சில வீட்டு மாடுகளுக்கும் தடித்திருந்தது. மயிலாத்தாளுடைய செவலைப்பசு பவளத்துக்கும் தடித்திருந்தது. அந்த மாடுகளையெல்லாம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தனிக் கொட்டகை போட்டுக் கட்டிவிட்டார்கள். தீனி கொண்டுபோய்ப் போடலாம். கறந்து சொசைட்டிக்குக் கொண்டுவரக் கூடாது, மந்தையோடு சேர்க்கக் கூடாது. அடுத்த வாரமே கடலைக்காட்டு வரப்பில் ஒரு வளைக்கரடி செத்துக் கிடந்தது. டாக்டரம்மா அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் முழுக்கத் தயிர்க்கட்டி போலக் கட்டி. அவ்வளவுதான், ஊர் முடிவு கட்டிவிட்டது: புற்றுக்கோயில் மேட்டில் வளை பறித்துக் குடியிருக்கிற இந்தச் சனியன்கள்தான் மாட்டுக்கு நோயைக் கொண்டுவந்தவை. ஞாயிற்றுக்கிழமை வளைக்கு வளை மிளகாய் வத்தல் புகை போட்டு, வாயில் கல் வைத்து அடைத்துவிடுவது. பொங்கியண்ணன் தன் கைக்காசில் ஒரு மூட்டை வத்தல் வாங்கி சொசைட்டி மூலையில் போட்டிருந்தார். அந்தக் காரம் மூக்கில் ஏற ஏறத்தான் அன்றைக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள், கரடிகள் உட்பட.

மயிலாத்தாள் குனிந்து, தன் சொம்புக்குப் பின்னால் இருந்த டம்ளரைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டம்ளரின் வாயோரத்தில், புள்ளி புள்ளியாக உளி வைத்து வெட்டின எழுத்து: மேனகா, காதுகுத்துச் சீர்.

அது அவளுடைய டம்ளர். அவள் மகளுடைய டம்ளர். மேனகாவைக் கோபிச்செட்டிபாளையத்தில் கட்டிக்கொடுத்து ஏழு வருசமாக வயிற்றில் ஒன்றும் தங்காமல், இந்த வருசம்தான் தங்கி, இப்போது எட்டாம் மாசம். தங்கின செய்தி வந்த அன்றே மயிலாத்தாள் புற்றுக்கோயில் ஆத்தாளுக்கு வேண்டிக்கொண்டாள்: பிள்ளை பிறக்கிற வரைக்கும் வெள்ளி தவறாமல் பச்சைப் பால் ஊற்றுகிறேன், ஆத்தா. ஒவ்வொரு வெள்ளியும் புற்றுக் கண்ணில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மீதியை அந்த டம்ளரோடு மேட்டில் வைத்துவிட்டு வருவாள். சில தடவை டம்ளர் மறுநாள் அங்கேயே இருக்கும். ஒரு தடவை காணாமல் போயிற்று, யாரோ ஆட்டுக்காரன் எடுத்துப் போனான் என்று நினைத்து வேறு டம்ளர் வைத்தாள். பவளத்தைக் கொட்டகையில் கட்டினதிலிருந்து சொசைட்டியில் வந்து ஆழாக்குப் பால் விலைக்கு வாங்கிக்கொண்டு போய் ஊற்றுகிறாள். அதற்குத்தான் இன்றைக்கும் சொம்பு.

மற்ற வீட்டுக்காரிகளும் ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்தார்கள். பித்தளைக் கிண்ணத்தில் 'பொ.க. குடும்பம்' என்றிருந்தது, பொங்கியண்ணன் வீட்டுக் கிண்ணம். பீங்கான் கோப்பையில் எழுத்தில்லை, ஆனால் அதன் உடைந்த காதை உடைத்தவள் தானே என்று நாச்சிமுத்துவின் பெண்சாதி ஒத்துக்கொண்டாள். ஊரில் யார் வீட்டில் கன்று போட்டாலும், யார் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் பரீட்சை எழுதினாலும் புற்றுக்குப் பால் போகும். போன பாத்திரமெல்லாம் இன்றைக்கு வரிசையாகத் திரும்பி வந்திருந்தன.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வருகிற நாள். பைக்கை நிறுத்திவிட்டு வந்த நஸ்ரீன் வரிசையைப் பார்த்தார், கரடிகளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு ஒரு டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இந்தப் பாத்திரமெல்லாம் இதுங்ககிட்ட எப்படிப் போச்சு?"

"ஆத்தாளுக்குப் பால் வெக்கறதுங்க டாக்டரம்மா," என்றாள் மயிலாத்தாள்.

"காய்ச்சின பாலா, பச்சைப் பாலா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாக் கேட்டீங்க போங்க! சாமிக்கு யாராச்சும் காய்ச்சி ஊத்துவாங்களா?" என்றாள் நாச்சிமுத்து பெண்சாதி. "புத்து வெந்து போகாதுங்களா? நமக்குத்தேன் பொங்கப் பொங்கக் காய்ச்சோணும். ஆத்தாளுக்குக் கறந்த சூடு ஆறாம, அடுப்பைக் காட்டாம, சுத்தமா ஊத்தோணும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மாட்டுக்கு இந்த நோய் இருந்தால் பாலில் வரும் என்றும், காய்ச்சினால் செத்துப்போகும் என்றும், அதனால்தான் இத்தனை மாடு நோய்ப்பட்டும் ஊரில் ஒரு பிள்ளை இருமவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, சிரித்துக்கொண்டிருந்தவர்களின் சிரிப்பு ஒவ்வொரு முகமாக அவிந்துகொண்டே வந்து, கடைசியில் கரடி இருமுவது மட்டும் கேட்டது.

"அப்ப நாமதேன் குடுத்தமா?" என்றார் பொங்கியண்ணன்.

"யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு இனி யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க. மாட்டுலருந்து அதுக்குப் போகும். அதுலருந்து மேயற காட்டுல மாட்டுக்கும் வரும். ஆனா புகை போட்டீங்கன்னா உயிரோட இருக்கறது நாலாப் பக்கமும் செதறி ஓடும். அடுத்த ஊர் மாட்டுக்கும் சேத்து இதக் கொண்டு போகும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பொங்கியண்ணன் தன் வீட்டுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தராசுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, "சரி, நகரட்டும்," என்றார். வரிசை நகர்ந்தது. கரடிகளின் பாத்திரங்களையும் முன்னால் இருந்தவர்கள் கையை நீட்டி நகர்த்தி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் மேட்டுக்குப் போகவில்லை. மிளகாய் வத்தலை வீட்டுக்கு ஒரு படி என்று பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அந்த மாசம் முழுக்க ஊரில் எந்த வீட்டுக் குழம்பும் கண்ணில் தண்ணீர் வராமல் சாப்பிடக்கூடியதாக இல்லை.

அதிலிருந்து கரடிகள் தினமும் வந்தன. முதல் வாரம் அந்தியூரிலிருந்தும் பவானியிலிருந்தும் ஆட்கள் வந்து செல்போனில் படம் பிடித்தார்கள், இரண்டாம் வாரம் கொஞ்சம் பேர் வந்தார்கள், பிறகு அதுவும் ஓய்ந்து, கரடிகள் வரிசையில் நிற்பது பால்வண்டி வருவது போல ஒரு காரியமாகிவிட்டது. பாத்திரத்தில் பேர் இருந்ததால் கரடிக்கும் அந்த வீட்டுப் பேரே வந்தது. "ஏனக்கா, உங்க வீட்டுக் கரடி எங்க வீட்டுக் கரடியத் தள்ளீட்டு முன்னால போகுது, என்ன வளத்தியோ!" என்று பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். "வரிசையில வா சாமி, உனக்கில்லாத பாலா?" என்று கெஞ்சினார்கள். சொசைட்டியில் ஒரு பெரிய அடுப்பு வைத்து, நோயில்லாத மாட்டுப் பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆற வைத்து, ஆளுக்கொரு அகப்பை ஊற்றினார்கள். பொங்கியண்ணன் வீட்டுக் கரடிக்கு அகப்பை நிறையவில்லை என்று நாச்சிமுத்து எடுத்துச் சொன்னான். பொங்கியண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

டாக்டரம்மா மேலிடத்துக்கு எழுதியும் பேசியும் அழுதும், ஐஸ் பெட்டியில் தடுப்பூசி கொண்டுவந்தார். கூண்டு வைத்துக் கடலைப்பயிறு போட்டுப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தவர், கூண்டைப் பைக்கிலிருந்து இறக்கவே இல்லை. கரடிகள் தங்கள் முறை வந்ததும் தோளைத் திருப்பிக் காட்டின. ஊசி போட்டதன் வெள்ளை முதுகில் அடையாளத்துக்கு நீலச் சாயம் ஒரு விரல் தடவினார். மேனகாவின் டம்ளர் கொண்டுவந்த கரடி வந்தபோது மட்டும் காதுக்கருவியை வைத்து வெகு நேரம் கேட்டுவிட்டு, ஊசியைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்.

"இதுக்கு ஏனுங்க போடல?" என்றாள் மயிலாத்தாள்.

"இதுக்கு நோய் உள்ள முத்திப்போச்சும்மா. ஊசி இனி வராததைத் தடுக்கும், வந்ததைத் தீர்க்காது." பிறகு அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார். "பால் கட்டியிருக்கு. வளைக்குள்ள குட்டி இருக்கும். அது வெளியே வர்ற வரைக்கும் இது தாங்குச்சுன்னா குட்டியக் காப்பாத்தலாம். கழுத்து தடிக்காத மாட்டுக்குள்ளயும் நோய் ஒளிஞ்சிருக்கலாம், அதனால பச்சைப் பால் மட்டும் இனி அந்த மேட்டுல ஒரு சொட்டு விழக் கூடாது."

விழக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை வந்துகொண்டே இருந்தது.

வரிசையில் காய்ச்சின பால் ஊற்றுவதை ஊர் ஒத்துக்கொண்டது, அது பிராணிக்கு. புற்றுக்கு ஊற்றுவது ஆத்தாளுக்கு, அது வேறு. பூசாரி மாரப்பன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஊத்தாம நிறுத்தறவங்க நிறுத்திக்கங்க, குத்தமில்ல. ஆனா வேண்டுதல் வெச்சவங்க பாதியில நிறுத்தப்படாது, காய்ச்சி ஊத்தவே கூடாது. சூடு ஏறுனா ஆத்தா பதிலுக்குச் சூட்டைத்தான் குடுப்பா, அதும் வயித்துப் புள்ளைக்கு. மற்ற வீட்டுக்காரிகள் யாரும் பாதி வேண்டுதலில் இல்லை. மயிலாத்தாள் மட்டும்தான் இருந்தாள்.

அவள் மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, வேண்டாம்மா," என்றாள் மேனகா, பேச்சு முடிவதற்குள்ளேயே. "இன்னும் ஒரு மாசந்தேன். ஏழு வருசமா எத்தன கோயில் ஏறி எறங்கியிருக்கேன்னு உனக்குத் தெரியும். எது பலிச்சுதுன்னு எனக்குத் தெரியாது, அதனால எதையும் மாத்தப் பயமா இருக்குதும்மா. அந்தக் கரடிக்குப் பாவம் பாத்துட்டு என்ற புள்ளைய விட்டுப்போடாதம்மா."

"விட்டுப்போடுவனா கண்ணு?"

"அப்ப பழையபடியே ஊத்து."

மயிலாத்தாள் அன்றைக்குப் பள்ளத்தைத் தாண்டிப் போய் பவளத்துக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டு, கொட்டகைப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பவளம் தின்னாமல் அவள் கையை நக்கியது. அவளுக்குப் பேசுவதற்கு வேறு ஆள் இல்லாததால் ஆத்தாளிடமே பேசினாள், வாய்விட்டுத்தான் பேசினாள். ஆத்தா, என்ற புள்ளைகளுக்கு ஒரு நாளும் நான் பச்சையாக் குடுத்ததில்ல. பொங்கி வர்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னு, ஆத்தி, என்ற கையில ஒரு சொட்டு விட்டுப் பாத்துத்தேன் குடுத்தேன். உனக்குக் குடுக்கறது அதவிடச் சுத்தமா இருக்கோணுமுன்னு நெனச்சு, அதவிடக் கேவலமாக் குடுத்துட்டேன். எனக்குத் தெரியல. இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டே எப்படி ஊத்தறது? உன்ற மடியில குடியிருக்கற புள்ளைக்கு ஊத்தற விசத்துல, என்ற மகள் மடிக்கு எப்படி நீ நல்லது குடுப்பே? நீ ஒத்துக்க மாட்டேன்னா, கோவம் எம்மேல இருக்கட்டும். அவ மேல வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அவள் பாலைக் காய்ச்சினாள். மூன்று பொங்கு பொங்க விட்டாள். சொம்பைத் தண்ணீரில் வைத்து ஆற்றி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, மேட்டுக்கு எடுத்துப் போய்ப் புற்றுக் கண்ணில் ஊற்றினாள். மாரப்பன் கோயில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பார்த்துக்கொண்டு நின்ற பெண்களில் ஒருத்தி, "பெத்த வயிறாட்டமா தெரியல," என்றாள், காதில் விழுகிற மாதிரியே. புற்று வேகவில்லை. பால் உள்ளே இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்குச் சாயங்காலம் செய்தி கோபிக்குப் போயிற்று. யார் சொன்னார்களோ, சொல்ல ஆளா இல்லை. மயிலாத்தாள் போன் போட்டபோது மேனகா எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்து, "நல்லா இருக்காங்க அத்தை. கொஞ்சம் கோவமா இருக்காங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்த வெள்ளியும் காய்ச்சினாள். அதற்கடுத்த வெள்ளியும். மகளுடைய குரல் கேட்காத வீட்டில், பால் பொங்குகிற நேரமெல்லாம் அவள் அடுப்பைவிட்டு நகராமல் நின்றாள். வாயில் வந்த சாமிப் பேரையெல்லாம் சொன்னாள். ஒரு வெள்ளி நாச்சிமுத்து பெண்சாதி வந்து, தன் சொம்பையும் அவள் அடுப்பில் வைத்தாள். அவளுக்கு ஏதோ புது வேண்டுதல். என்ன என்று மயிலாத்தாள் கேட்கவில்லை.

கரடி நாளுக்கு நாள் இளைத்தது. வெள்ளைத் துண்டு முதுகில் தொங்கியது. டம்ளரைக் கவ்விக்கொண்டு மேட்டிலிருந்து வர, நடுவில் இரண்டு இடத்தில் வைத்துவிட்டு இளைப்பாறியது. யாரும் தூக்கிக்கொண்டு வரப் போகவில்லை. அதன் பாத்திரத்தை அது கொண்டுவர வேண்டும், அதுதானே முறை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை. மயிலாத்தாள் விடியுமுன்பே மேட்டில் ஊற்றிவிட்டு, மீதிப் பாலோடு சொசைட்டிக்கு வந்தபோது, வரிசையில் மேனகாவின் டம்ளர் இருந்தது. அதன் பின்னால் கரடி இல்லை. எப்போது வந்து வைத்தது, எங்கே போயிற்று என்று பார்த்தவர் யாருமில்லை. தேடிப் போன ஒருவர் கடலைக்காட்டு வரப்புவரைக்கும் போய், அங்கே துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். எதன்மேல் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவள் மேனகாவின் டம்ளரையும் சேர்த்துக் கையால் நகர்த்தினாள். அதற்குப் பின்னால் வந்த நீலச்சாயக் கரடியும் தன் மூக்கால் நகர்த்தியது. நகர்ந்து நகர்ந்து டம்ளர் தராசுக்கு முன்னால் வந்து நின்றது. பொங்கியண்ணன் அதைப் பார்த்தார். வேலிப்படலைப் பார்த்தார்.

"எடுத்து ஓரமா வெச்சுப்போட்டு அடுத்ததப் பாருங்க," என்றான் நாச்சிமுத்து, மெதுவாகத்தான் சொன்னான்.

"பாத்திரம் இருக்குதில்ல?" என்றார் பொங்கியண்ணன். "இருக்கட்டும். ஆள் வரும்."

பால்வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவர் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். டாக்டரம்மா வந்து, விசயம் கேட்டு, ஐஸ் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாடுகள் கத்தின. ஒருத்தரும் போகவில்லை. மயிலாத்தாள் டம்ளருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் செல்போன், முந்தின நாள் சாயங்காலமே மேனகாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன செய்தி மாப்பிள்ளை சொல்லி, அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லாத செல்போன்.

வேலிப்படலுக்கு அடியில் முதலில் மூக்கு வந்தது. பிறகு சாம்பல் நிறத்தில், கைப்பிடிக்குள் அடங்குகிற உடம்பு. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, காலுக்குக் கால் இடறி, வரிசையில் நிற்கிற ஒவ்வொரு பாத்திரத்தையும் மோந்து பார்த்துக்கொண்டே வந்து, மேனகாவின் டம்ளரை மோந்ததும் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டரம்மா குனிந்து காதுக்கருவியை வைத்தார். வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு ஐஸ் பெட்டியைத் திறந்தார். ஊசி குத்தினபோது குட்டி ஒரு தடவை கீச்சென்றது. அந்த முதுகுக்கு ஒரு விரல் சாயம் அதிகம் என்று சுண்டுவிரலால் தொட்டு வைத்தார்.

மயிலாத்தாள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, டம்ளரைச் சாய்த்துப் பிடித்து அதில் ஊற்றினாள். குட்டி குடிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் போன் அடித்தது. இரண்டு கையும் பாலும் டம்ளருமாக இருந்ததால் அவள் பொங்கியண்ணனைப் பார்த்தாள். அவர் எழுந்து வந்து குனிந்து, போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அழுத்தி, அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அம்மா." மேனகாவின் குரல், களைத்துப் போயிருந்தது. ஒரு மாசமாகக் கேட்காத குரல். "இன்னிக்கும் ஊத்துனியாம்மா?"

"ஊத்துனன் சாமி."

"காய்ச்சியா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "காய்ச்சித்தேன்."

வரிசை முழுக்கப் போன் பக்கமாகச் சாய்ந்தது.

"ஆறவெச்சுத்தானே ஊத்துனே?" என்றாள் மேனகா.

"கையில விட்டுப் பாத்துத்தேன் கண்ணு ஊத்துனேன்."

"சரி," என்றாள் மேனகா. அவள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்குப் பின்னாலேயே, போனுக்குள்ளிருந்து ஒரு அழுகை கிளம்பி வந்தது. புதுசாக, கோபமாக, நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்து அழுகிற அழுகை. குட்டி தலையைத் தூக்கிக் காதை விறைத்துக் கேட்டது. கேட்டுவிட்டு மறுபடியும் டம்ளருக்குள் மூக்கை விட்டது.

பொங்கியண்ணன் போனை மயிலாத்தாளின் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தராசுக்குப் போனார்.

"சரி, ஆள் வந்தாச்சு," என்றார். "அடுத்த பாத்திரம் வரட்டும்."